இளம் அணியின் தோல்வியும் இரசிகர் மனமும்



விளையாட்டைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஆடுகிறவர்களைப் பற்றியே பேசுகிறோம். பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. திடலுக்குள் ஓடுகிறவர்கள் சிலர். வெளியே நின்று கூவுகிறவர்களோ பலர். அந்தப் பலரின் மனத்துக்குள் என்ன நடக்கிறது, குறிப்பாகத் தாங்கள் நேசிக்கும் இளம் அணி, நரை தட்டத் தொடங்கிய அனுபவசாலிகளிடம் தோற்றுப்போகும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நான் தேர்ந்துகொண்டது 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு கூடைப்பந்துத் தொடர்.

நம் தோட்டப் பள்ளிகளில் கூடைப்பந்துத் திடல் அரிது. பையன்களுக்குப் பந்தாட்டம், பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து. பட்டணத்துச் சீனப்பள்ளியைக் கடந்து போகும்போது சிமெண்டுத் தளமும் இரு முனைகளிலும் கம்பத்தில் மாட்டிய வளையமும் கண்ணில் படும், அதோடு சரி. ஆகவே ஆட்டத்தை அறியாதவர்களுக்காக இரண்டொரு சொல். அணிக்கு ஐவர். வளையம் தரையிலிருந்து 10 அடி உயரம். பந்தை அதற்குள் போட்டால் 2 புள்ளி. தொலைவில் போட்டிருக்கும் வளைகோட்டுக்கு வெளியே நின்று போட்டால் 3. எதிராளி முறைதவறித் தடுத்தால், யாரும் குறுக்கிடாமல் நின்று எறியும் தனி எறிதல் கிடைக்கும். அது ஒன்றுக்கு 1 புள்ளி. அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆட்டம் 48 நிமிடம். பந்து கையில் வந்த 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். பின்சுற்றுகளில் ஓர் அணியை வெளியேற்ற அதனை நான்கு ஆட்டங்களில் வெல்ல வேண்டும்.

இனி ஊரைப் பற்றி. ஓக்லஹோமா சிட்டி, புல்வெளியும் எண்ணெய்க் கிணறும் சூறாவளியும் நிறைந்த ஒரு மாநிலத்தின் தலைநகர். 1995 ஏப்ரல் 19ஆம் நாள் அங்கே மத்திய அரசாங்கக் கட்டடம் ஒன்று வெடிகுண்டால் தகர்க்கப்பட்டு 168 பேர் மாண்டார்கள். அவர்களில் 19 பேர் குழந்தைகள். அந்த இடத்தில் இன்று 168 வெற்று நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் 19 நாற்காலிகள் சிறியவை. ஊருக்கென்று ஒரு பெரிய விளையாட்டு அணி வந்தது 2008இல்தான். சியாட்டில் நகரத்தில் 1967 முதல் இருந்துவந்த அணியை உரிமையாளர்கள் பெயர்த்துக்கொண்டு வந்து, "தண்டர்" என்று புதுப்பெயர் சூட்டினார்கள். ஓர் ஊரின் கொண்டாட்டம் இன்னோர் ஊரின் இழவாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சியாட்டில்காரர்கள் அந்த வருத்தத்தை எளிதில் மறக்கவில்லை. அணிக்குப் புதிதாக வரும் ஆட்டக்காரர்களை, நிர்வாகி சாம் பிரெஸ்டி அந்த நாற்காலிகள் இருக்கும் நினைவிடத்துக்கு அழைத்துப் போவது வழக்கமாயிற்று. எந்த ஊருக்காக ஆடுகிறோம் என்று தெரிந்துகொண்டு ஆடட்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம் என்றே எனக்குப் படுகிறது.

முதல் ஆண்டில் 82 ஆட்டங்களில் 23இல்தான் வெற்றி. அடுத்த ஆண்டு 50! பதின்பருவத்தை இப்போதுதான் தாண்டிய பையன்களை வைத்துக்கொண்டு ஒரே ஆண்டில் இந்த ஏற்றம். அவர்களுள் தலையானவர் கெவின் டூரண்ட். 2010இல் 21 வயதிலேயே சங்கத்தின் ஆட்டக்காரர் அனைவரிலும் சராசரியில் மிகுந்த புள்ளி சேர்த்தவர். அத்தனை இளவயதில் அந்தச் சிறப்பைப் பெற்றவர் அவருக்கு முன் எவருமில்லை.

அந்த ஆண்டுப் பின்சுற்றில் இவர்களுக்கு வாய்த்த எதிரி, நடப்பு வாகையரான லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். ஆறாவது ஆட்டம் 2010 ஏப்ரல் 30ஆம் நாள் ஓக்லஹோமாவில் நடந்தது. கடைசி நொடிகளில் உள்ளூர் அணி 94க்கு 93 என்று ஒரு புள்ளி முன்னே. லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்ட் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தவறியது. ஆனால் அருகே நின்ற பாவ் காசோல் அதை எட்டிப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார். ஆட்டம் முடிய அரை வினாடி மிச்சம். 95க்கு 94. தொடரும் முடிந்தது. டூரண்ட் அன்று 23 முறை எறிந்து 5 முறைதான் போட்டார்.

அப்போது அந்த அரங்கம் செய்ததுதான் என்னைக் கவர்ந்தது. 18,000 பேரும் வாய்பேசாமல் வெளியேறியிருக்கலாம், பையனைத் திட்டியிருக்கலாம். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தோற்ற அணிக்காக, தோற்ற நிமிடத்திலேயே, நெடுநேரம் கைதட்டினார்கள்.

முதல் தோல்விக்குக் கைதட்டுவது எளிது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் ஏமாற்றமும் இல்லை. முதன்முறை மாவட்டப் போட்டிக்குப் போகும் சின்னப் பள்ளி அரையிறுதியில் தோற்றால் ஊரே பாராட்டும். அடுத்த ஆண்டும் அரையிறுதியில் தோற்றால்தான் ஊர் யாரென்று தெரியும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது அடுத்த ஆண்டை.

2011இல் தண்டர் அணி 55 ஆட்டங்களில் வென்றது. டென்வரை வீழ்த்தி, மெம்பிசை ஏழு ஆட்டங்களில் வீழ்த்தி, மேற்குப் பிரிவின் இறுதித் தொடருக்கு வந்தது. டூரண்டுக்கு வயது 22. அவருடைய துணைவர் ரசல் வெஸ்ட்புரூக்குக்கும் 22. ஜேம்ஸ் ஹார்டன், செர்ஜ் இபாக்கா இருவருக்கும் 21. எதிரே நின்ற டல்லாஸ் மேவரிக்ஸ் அணியைப் பாருங்கள்: ஜேசன் கிட் 38, ஜேசன் டெரி 33, ஷான் மேரியன் 33, பேஜா ஸ்டோயாக்கோவிச் 33, தலைவரான டிர்க் நோவிட்ஸ்கி 32. இவர்களில் எவருமே அதுவரை வாகைக் கோப்பையைத் தொட்டதில்லை. டெரி அந்தப் பருவம் தொடங்குமுன்பே கோப்பையின் உருவத்தைத் தம் கையில் பச்சை குத்திக்கொண்டு வந்திருந்தார். முப்பத்துமூன்று வயதில் ஒரு மனிதர் அப்படிச் செய்வதை வேடிக்கை என்பதா, வேகம் என்பதா!

மே 17, முதல் ஆட்டம். ஜெர்மானியரான நோவிட்ஸ்கி, ஏழடி உயர மனிதர், 48 புள்ளிகள் சேர்த்தார். அவருக்குக் கிடைத்த தனி எறிதல்கள் 24. அந்த 24ஐயும் போட்டார். ஒன்றுகூடத் தவறவில்லை. பின்சுற்று ஆட்டமொன்றில் தவறின்றி அத்தனை எறிதல்களைப் போட்டவர் அதற்கு முன் இல்லை. 121க்கு 112 என்று டல்லாஸ் வென்றது.

இரண்டாம் ஆட்டத்தில் ஒரு சிக்கல். வெஸ்ட்புரூக் கட்டுமீறி ஆடுகிறார் என்று கருதிய பயிற்றுநர் ஸ்காட் புரூக்ஸ், கடைசிக் கால் பகுதியின் 12 நிமிடமும் அவரை வெளியே உட்கார வைத்தார். மாற்று ஆட்டக்காரர்களைக் கொண்டு 106க்கு 100 என்று ஓக்லஹோமா வென்றது. வென்றது நல்லதுதான், ஆனால் அன்றிலிருந்து அந்த 22 வயது இளைஞரின் பெயர் எல்லார் வாயிலும் விழுந்தது. மூன்றாம் ஆட்டம் ஓக்லஹோமாவில். 93க்கு 87 என்று தோல்வி.

இப்போது மே 23க்கு வருவோம். நான்காம் ஆட்டம். நமக்கு அது மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி நேரம். சொந்த அரங்கில் தண்டர் அணி அருமையாக ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிய 5 நிமிடமும் சில நொடிகளும் இருக்கையில், டூரண்ட் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. 99க்கு 84. பதினைந்து புள்ளி முன்னிலை. டூரண்ட் மகிழ்ச்சி தாங்காமல், மல்யுத்த வீரர்கள் வாகைப் பட்டையைக் கட்டிக்கொள்வதுபோல, இல்லாத ஒரு பட்டையைத் தம் இடுப்பில் கட்டிக் காட்டினார்.

வானொலியில் கணக்குச் சொல்வது கடினம். இருந்தாலும் கையருகில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் என்பது 300 வினாடி. ஒரு முறை பந்து கையில் வந்து போவதற்கு ஏறத்தாழ 15 வினாடி என்று வைத்துக்கொண்டால், இரு அணிக்கும் சேர்த்து 20 முறை. ஆளுக்குப் பத்து முறை. பத்தே வாய்ப்பில் பதினைந்து புள்ளியை ஈடுகட்ட வேண்டும். அதற்குள் எதிரணி ஏறக்குறைய ஒன்றுமே சேர்க்காமலும் இருக்க வேண்டும். முன்னே இருக்கும் அணி பெரிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் கிடைத்த 24 வினாடியில் பெரும்பகுதியைப் பொறுமையாகக் கழித்து, நல்ல இடம் கிடைத்தால் எறிய வேண்டும். அவ்வளவே.

அந்தப் பொறுமைதான் இல்லாமற்போயிற்று. அடுத்த ஐந்து நிமிடத்தில் டல்லாஸ் சேர்த்தது 17. ஓக்லஹோமா சேர்த்தது 2. அந்தப் பதினேழில் பெரும்பங்கு நோவிட்ஸ்கியுடையது. கடைசி 6 வினாடி அளவில் அவருக்கு இரண்டு தனி எறிதல் கிடைத்தது. 18,000 பேர் காது கிழியக் கத்துகிறார்கள். இரண்டையும் போட்டார். 101க்கு 101. கூடுதல் நேரமாகக் கொடுக்கப்பட்ட ஐந்து நிமிடத்தில் இளைஞர்களால் 4 புள்ளிதான் எடுக்க முடிந்தது. முன்னிலையைத் தந்த மூன்று புள்ளி எறிதலைப் போட்டவர், எல்லாரிலும் மூத்தவரான 38 வயது ஜேசன் கிட். 112க்கு 105. நோவிட்ஸ்கிக்கு மொத்தம் 40.

ஐந்தாம் ஆட்டத்திலும் இதே கதை. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் 92க்கு 86 என்று ஆறு புள்ளி முன்னே நின்றவர்கள், 96க்கு 100 என்று தோற்றார்கள். தொடர் முடிந்தது. நான்குக்கு ஒன்று.

முதியவர்கள் எப்படி வென்றார்கள்? ஓட்டத்தில் அல்ல. குதிப்பதில் அல்ல. மெம்பிசோடு மூன்று முறை கூடுதல் நேரம் ஆடி ஜெயித்த பையன்களோடு ஓடிப் பிடிக்க அவர்களால் ஆகாது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே முன்கூட்டியே போய் நின்றார்கள். பந்தை வைத்துக்கொண்டு தானே எறிய வேண்டும் என்ற ஆசை எவருக்கும் இல்லை. இடம் கிடைத்தவர் எறிந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பதினைந்து புள்ளி பின்தங்கியபோதும் அவர்கள் ஒரே எறிதலில் பதினைந்தையும் எடுக்க முயலவில்லை. ஒரு முறைக்கு ஒரு முறை. இரண்டிரண்டாக. நம் தோட்டத்தில் பழைய பால்மரம் வெட்டுகிறவர்கள் ஒரு நிரையை முடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? புதிதாக வந்த இளவட்டம் ஓடி ஓடி வெட்டுவான். மூத்த ஆள் நடந்துதான் போவார். பத்து மணிக்கு யார் வாளியில் பால் அதிகம் என்று கேட்கவே வேண்டாம்.

ஆனால் ஒன்று. இந்த நிதானத்தை அவர்கள் பிறக்கும்போதே கொண்டுவந்தார்களா? இங்கேதான் கதை சுவையாகிறது. ஐந்து ஆண்டு பின்னோக்கிப் போவோம். 2006 இறுதித் தொடரில் இதே நோவிட்ஸ்கியும் டெரியும் இருந்த டல்லாஸ் அணி, மயாமியை எதிர்த்து முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றுவிட்டது. மூன்றாம் ஆட்டத்திலும் ஆறரை நிமிடம் இருக்கையில் 13 புள்ளி முன்னே. கோப்பை கைக்கெட்டும் தூரம். அங்கிருந்து நழுவ விட்டார்கள். 98க்கு 96. அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில், புள்ளியைச் சமன் செய்திருக்கக்கூடிய ஒரு தனி எறிதலைத் தவறவிட்டவர் யார் தெரியுமா? 2011இல் 24க்கு 24 போட்ட அதே நோவிட்ஸ்கி. அந்தத் தொடரில் அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களைத் தோற்று வீடு திரும்பினார்கள்.

மறு ஆண்டு இன்னும் மோசம். 82இல் 67 ஆட்டங்களை வென்று முதலிடத்தில் வந்த டல்லாஸ், எட்டாமிடத்தில் தொத்திக்கொண்டு வந்த கோல்டன் ஸ்டேட் அணியிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. தோற்ற இரவு நோவிட்ஸ்கி குப்பைத் தொட்டியைத் தூக்கிச் சுவரில் எறிய, சுவரில் ஓட்டை விழுந்ததாம். அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டம் அவருக்குத்தான். தொடரைவிட்டு வெளியேறிய பிறகு, அந்தப் பட்டத்தைக் குனிந்த தலையோடு வாங்க வேண்டியதாயிற்று. மென்மையானவர், நெருக்கடியில் உதவாதவர் என்று எழுதாத பத்திரிகை இல்லை. அவரோ தம் ஊர்ப் பயிற்றுநர் ஹோல்கர் கெஷ்விண்ட்னரோடு ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிக்குப் போய்ப் பல வாரம் ஆள் அரவமற்ற இடங்களில் திரிந்துவிட்டு வந்தார். ஜேசன் கிட்டும் 2002, 2003 என இரண்டு இறுதித் தொடர்களில் நியூ ஜெர்சி அணியில் ஆடித் தோற்றவர்தான்.

ஆக, 2011 மே மாதம் ஓக்லஹோமா பையன்கள் எதிர்கொண்டது அனுபவசாலிகளை என்று சொல்கிறோமே, அந்த அனுபவம் என்பது வேறென்ன? இதேபோல் கைக்கெட்டியதை நழுவவிட்ட அனுபவந்தான்.

சரி, இரசிகர்கள் என்ன சொன்னார்கள்? முதலில் வெஸ்ட்புரூக். சங்கத்திலேயே மிகுதியாகப் புள்ளி சேர்ப்பவர் பக்கத்தில் நிற்கும்போது, அவரைவிட அதிகமாக இவர் எறியலாமா என்பது குற்றச்சாட்டு. இதில் உண்மை ஒரு பங்கு உண்டு. ஆனால் அந்த ஊரைப் பின்சுற்று வரை தூக்கிக்கொண்டு வந்ததும் அவருடைய அதே அடங்காத வேகந்தான். வேகத்தை வேண்டும்போது மெச்சி, வேண்டாதபோது ஏசுவது நியாயமில்லை. அடுத்தபடி பயிற்றுநர் புரூக்ஸ். ஆட்டம் இறுகும்போது டூரண்டின் கையில் பந்தைக் கொடுப்பதைத் தவிர அவருக்கு வேறு திட்டமில்லை என்றார்கள். எனக்குக் கூடைப்பந்து நுட்பம் அதிகம் தெரியாது என்றாலும், நான்காம் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைப் பார்த்த எவருக்கும் அந்தக் குறை கொஞ்சமேனும் நியாயமாகவே படும். நடுவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நடுவரைக் குறை சொல்லாத தோல்வி உலகத்தில் ஏது?

இவை எல்லாவற்றையும்விடப் பெருவாரியாகக் கேட்டது இன்னொரு குரல். "சின்னப் பையன்கள்தானே, வயதிருக்கிறது, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்." இது அன்பான குரல். பயிற்சியை வெறுக்கச் செய்யாத குரல். நான் இதை மதிக்கிறேன்.

ஏன் மதிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தோற்ற பிள்ளைகளைப் போட்டியிலிருந்து வேனில் அழைத்து வரும் வேலை என்னைப்போன்ற ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் உண்டு. போகும்போது பாட்டும் கூத்துமாகப் போகும் வண்டி, வரும்போது பேச்சில்லாமல் வரும். அந்த மௌனம் ஒன்றும் கெடுதல் செய்யாது. வண்டி தோட்டத்து வாசலில் நின்றதும் காத்திருக்கும் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "சாப்பிட்டாயா அப்பு?" என்று கேட்கும் வீட்டுப் பையன் திங்கட்கிழமை மாலை காலணியோடு திடலில் நிற்கிறான். "பந்தை அவனுக்குக் கொடுத்திருந்தால் ஜெயித்திருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை?" என்று வண்டியின் கதவைத் திறக்குமுன்பே தொடங்கும் வீட்டுப் பையனை, நான் போய்க் கூப்பிட வேண்டியிருக்கிறது. சில பேர் கூப்பிட்டும் வருவதில்லை. பெற்றோர்களே, அந்தக் கேள்வி தவறான கேள்வியல்ல. கேட்கிற நேரம்தான் தவறு. மறுநாளோ மூன்றாம் நாளோ அவனே அதைப் பேச வருவான்.

ஆனாலும் "வயதிருக்கிறது" என்ற அந்த ஆறுதலை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. பின்னால் நடந்ததைக் கேளுங்கள்.

டல்லாஸ் அணி அதே ஜூன் மாதம் 12ஆம் நாள் மயாமியை வென்று வாகை சூடியது. 2006இல் தங்களை வீழ்த்திய அதே மயாமி. அந்தத் தொடரிலும் ஓர் ஆட்டத்தில் 15 புள்ளி பின்தங்கி, கடைசி ஏழு நிமிடத்தில் மீண்டு வந்து வென்றார்கள். ஓக்லஹோமாவில் நடந்தது தற்செயல் அல்ல என்று காட்டினார்கள். மறு ஆண்டு, 2012இல், முதல் சுற்றிலேயே இரு அணிகளும் மீண்டும் மோதின. இம்முறை இளைஞர்கள் நான்குக்குச் சுழியம் என்று முதியவர்களை வெளியேற்றினார்கள். லேக்கர்சையும் வென்றார்கள், சான் அந்தோனியோவின் அனுபவசாலிகளிடம் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்று, அடுத்த நான்கையும் வென்றார்கள். இறுதித் தொடரில் மட்டும் மயாமியிடம் தோற்றார்கள். தோற்றுத் திரும்பியவர்களை வரவேற்க விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஆகவே அந்த ஆறுதல் பலித்துவிடும் போலத்தான் இருந்தது.

நான்கே மாதம். 2012 அக்டோபரில், சம்பள ஒப்பந்தத்தில் உடன்பாடு ஏற்படாமல் ஹார்டனை ஹியூஸ்டன் அணிக்கு மாற்றி அனுப்பினார்கள். அதன்பின் ஆட்டக்காரர்களுக்கு மாறி மாறிக் காயம். 2016இல் கோல்டன் ஸ்டேட் அணியிடம் மூன்றுக்கு ஒன்று என்று முன்னே இருந்து தோற்றார்கள். சில வாரங்களில் டூரண்ட் அதே கோல்டன் ஸ்டேட் அணிக்கே போய்விட்டார். டூரண்ட் 2014இலும், வெஸ்ட்புரூக் 2017இலும், ஹார்டன் 2018இலும் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டம் பெற்றார்கள். சற்றே எண்ணிப் பாருங்கள்: அந்த விருதுக்குரிய மூவர், 21, 22 வயதில், ஒரே அணியில், ஒரே திடலில். அந்த மூவருக்கும் சேர்ந்து ஓக்லஹோமாவுக்கு ஒரு கோப்பைகூட வாங்கித்தர முடியவில்லை. வயது இருந்தது, ஆனால் சேர்ந்து ஆடுவதற்கான காலம் இருக்கவில்லை.

பிள்ளைகளின் படிப்பிலும் இதைப் பார்க்கிறோம். ஆறாம் ஆண்டில் ஒரே வகுப்பில் நாலைந்து கெட்டிக்காரர்கள் அமைந்துவிடுவார்கள். அப்படி ஒரு வகுப்பு மறுபடி எப்போது வாய்க்கும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர் இருந்துவிட முடியாது. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைகள் வேறு வேறு பள்ளிகளில் இருப்பார்கள்.

டூரண்ட் போனபோது இரசிகர் மனத்தின் மறுபக்கமும் வெளிப்பட்டது. தோல்விக்குக் கைதட்டிய ஊரில் அவர் பெயரிட்ட சட்டைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 2017 பிப்ரவரியில் எதிரணிக்காக அவர் திரும்பி வந்து ஆடியபோது, அரங்கமே ஊளையிட்டது. கோழை என்று பொருள்பட அவரைக் கப்கேக் என்று ஏளனம் செய்து, அந்தப் பலகாரத்தின் படம் போட்ட சட்டைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். தோல்வியைப் பொறுத்துக்கொண்டவர்கள் பிரிவைப் பொறுக்கவில்லை. இது எனக்கு வியப்பாக இல்லை. தோற்றவன் நம்மோடு தோற்கிறான். பிரிந்தவன் நம்மை விட்டுப் போகிறான். இருந்தாலும், சட்டையைக் கொளுத்தியதைப் பெருமையாகச் சொல்ல என்னால் ஆகாது. ஓர் இளைஞர் ஒன்பது ஆண்டுகள் அந்த அணிக்கு ஆடியிருக்கிறார், அவற்றில் எட்டு ஆண்டுகள் அதே ஊரில்.

அணி மறுபடி அடியிலிருந்து தொடங்கியது. நிர்வாகி அதே பிரெஸ்டி. 2019இல் வெஸ்ட்புரூக்கும் போனார். கனடா நாட்டு இளைஞர் ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் வந்தார். ஊர் மீண்டும் பொறுமையோடு, தோற்கும் அணிக்கு நுழைவுச்சீட்டு வாங்கியது. 2024இல் இந்தப் புதிய பையன்கள் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்து, பின்சுற்றில் யாரைச் சந்தித்தார்கள் என்கிறீர்கள்? டல்லாஸ் மேவரிக்சை. டல்லாசின் பயிற்றுநர் யார்? 2011இல் கூடுதல் நேரத்தில் அந்த மூன்று புள்ளி எறிதலைப் போட்ட ஜேசன் கிட்!

அந்த ஆண்டு மே 18, ஆறாம் ஆட்டம். ஓக்லஹோமா 17 புள்ளி முன்னே இருந்தது. டல்லாஸ் மெல்ல மெல்ல மீண்டு வந்தது. கடைசி இரண்டரை வினாடியில் ஓக்லஹோமா ஒரே புள்ளி முன்னே. தொலைவிலிருந்து எறிய முயன்ற டல்லாஸ் ஆட்டக்காரரைத் தடுக்கப்போய், கில்ஜியஸ் அலெக்சாண்டர் அவர்மேல் மோதிவிட்டார். மூன்று தனி எறிதல். முதலிரண்டும் உள்ளே விழுந்தன. மூன்றாவதை நேரத்தைக் கடத்த வேண்டுமென்றே தவறவிட்டார்கள். 117க்கு 116. அன்று தம் அணிக்காக 36 புள்ளி சேர்த்தவரும் அதே கில்ஜியஸ் அலெக்சாண்டர்தான். தோல்விக்கு வழிவிட்ட மோதலும் அவருடையதே.

பதின்மூன்று ஆண்டுக்கு முன் வெஸ்ட்புரூக்கைப் பிடித்துக்கொண்டதுபோல் அவரையும் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஊர் அப்படிச் செய்யவில்லை. இழந்த ஒரு தலைமுறையைப் பார்த்த ஊர் அது. நிர்வாகமும் அணியைக் கலைக்கவில்லை. துணைக்கு அனுபவமுள்ள இரண்டு தடுப்பாட்டக்காரர்களைச் சேர்த்தார்கள். மற்றபடி பெரும்பாலும் அதே பையன்கள்.

அடுத்த பருவத்தில் 68 வெற்றி. தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டம் கில்ஜியஸ் அலெக்சாண்டருக்கு. பின்சுற்றில் 2023இன் வாகையரான டென்வரை ஏழு ஆட்டங்களில் வென்றார்கள். 2025 ஜூன் 22ஆம் நாள், இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இந்தியானா அணியை 103க்கு 91 என்று ஓக்லஹோமா சிட்டியில், அந்த 18,000 பேர் முன்னிலையில் வென்றார்கள். 1977இல் வென்ற போர்ட்லண்டுக்குப் பிறகு வாகை சூடிய மிக இளைய அணி இதுதான்.

2010இல் தோற்ற பையன்களுக்காக எழுந்து நின்று கைதட்டியவர்களில் எத்தனை பேர் அன்று அரங்கில் இருந்தார்களோ! அப்போது தகப்பனின் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு இப்போது இருபது வயது ஆகியிருக்கும். மறுநாள் மறுநாளாக ஊர்வலத்துக்கு ஏற்பாடு நடந்தது; வெயிலில் நகரமே தெருவில் நின்றது.